மலைக்குப் போகுமுன் காற்றையும் வெளிச்சத்தையும் படிக்கும் முறை

இலங்கை மலையகத்தில், அப்புத்தளையில் ஆட்டோ ஓட்டுகிறேன். வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எங்கள் மலைக் காட்சிமுனையைப் பற்றித்தான்: "அண்ணே, நாளைக்கு லிப்டன் சீட்டில் வியூ தெரியுமா?" அதுவும் போனில் வானிலையைப் பார்த்துவிட்டே கேட்பார்கள். எங்கள் ஊர் மலைமுதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே தாழ்நிலத்துக்கு விழும் சரிவு, மறுபக்கம் ஊவா மாகாணத்தின் மேடுபள்ளம். இரண்டுக்கும் சேர்த்துப் போன் ஒரே மழைப்படத்தைக் காட்டினால் அதை வைத்து என்ன செய்வது? ஆகவே முதலில் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்த மாதம், போகும் இடம் முகட்டின் எந்தப் பக்கம்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவில் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கமே மழையைக் கொட்டிவிடும். மழை பெய்துகொண்டே ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிரும். முகட்டைத் தாண்டி இறங்கும்போதோ 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பாகை வீதம் வேகமாகச் சூடேறும். அதனால் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் அது வந்து சேர்வது வறண்ட காற்றாக. ஜூலையில் ரயிலில் வந்தால் இதைச் சும்மா உட்கார்ந்தே பார்க்கலாம். பட்டிப்பொலையில் ஜன்னலை மூட வைக்கும் தூறல், சுரங்கத்தைத் தாண்டி ஓஹிய பக்கம் வந்தால் பல நாட்களில் வெயில்.

அந்த மாதங்களில் காலையில் செய்ய வேண்டியது ஒன்றே. பண்டாரவளை வீதியில் நின்று மேற்கே முகட்டைப் பாருங்கள். முகட்டின் மேல் ஒரு மேகம் நீளமாகப் படுத்திருக்கும். உங்கள் முகத்தில் காற்று அறையும், மேகம் மட்டும் நகராது. உண்மையில் அது அந்தப் பக்கம் புதிதாக உண்டாகி, இந்தப் பக்கம் வழிந்து இறங்கி, கரைந்துகொண்டே இருக்கிறது. சில நாட்களில் அதற்கு இப்பால் வானத்தில் ஒரு பட்டை மேகம், ஒரு பட்டை நீலம், மறுபடி மேகம் என்று முகட்டுக்கு இணையாக வரிசை தெரியும். ஓடையில் கல்லைத் தாண்டிய தண்ணீர் மேலும் கீழும் துள்ளிப் போகிறதே, அதே அலைதான் காற்றிலும். அலை எழும் இடத்தில் மேகம், தாழும் இடத்தில் வெறும் வானம். இதைக் கண்டால் முகட்டு மேல் காட்சியை அன்றைக்கு மறந்துவிட்டு எல்ல ஊர்ப் பக்கம் இறங்குங்கள். அங்கே வெயில் இருக்கும்.

ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் இந்த வறண்ட காற்றுதான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை செடி மெதுவாக வளரும், கொழுந்து குறையும், ஆனால் வாசம் ஏறும். ஏலத்தில் விலையும் ஏறும். உதடு வெடித்துக் கொழுந்து பறிக்கிற எங்கள் பெண்களின் சம்பளம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. சரி, அது வேறு கதை.

அப்புறம் மரங்கள். ஒரே நாள் வந்து போகிறவருக்கு ஆண்டு முழுக்க அடித்த காற்றைச் சொல்லக் கூடியவை அவைதான். முகட்டு ஓரத்தில் தனியாக நிற்கும் மரத்தைப் பாருங்கள். காற்று வரும் பக்கத்து மொட்டுகள் காய்ந்து சாகும், மறுபக்கத்துக் கிளைகள் மட்டும் நீளும். எங்கள் முகட்டில் அநேகமாக அவை வடகிழக்கே கை நீட்டும், தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத்தான் பலம் அதிகம். ஆனால் ஒரு மரத்தை மட்டும் நம்பக் கூடாது. காட்டோரத்து மரம் வெளிச்சத்தைத் தேடியும் வீதிப்பக்கம் சாயும். பிரித்தறிவது எளிது. வெளிச்சத்துக்குச் சாய்ந்ததில் சாய்ந்த பக்கம் இலை அடர்ந்திருக்கும், மறுபக்கக் குச்சிகள் காய்ந்து கருகி நிற்காது. காற்றில் சாய்ந்ததில் ஒரு பக்கம் மொட்டைக் குச்சிகள், மேற்பரப்பு கத்தரித்த மாதிரி வழுவழுப்பாக.

ஹோட்டன் சமவெளியில் இதை நன்றாகப் பார்க்கலாம். அது 2,100 மீட்டர் உயரம். தாழ்வான மடிப்புக்குள் நிற்கும் கீனா மரம் ஓங்கி வளர்ந்திருக்கும், காற்று படும் விளிம்பில் அதே கீனா குட்டையாகத் தட்டையான தலையோடு நிற்கும். கிளைகளில் பாசி போன்ற லைக்கன் தொங்கினால் அங்கே மூடுபனி அடிக்கடி கடக்கிறது என்று அர்த்தம். மழையே பெய்யாத நாளிலும் அந்த மரத்தடி நனைந்திருக்கும், பத்தடி தள்ளிப் புல்வெளி காய்ந்திருக்கும். சில மரங்களின் இளந்தளிர் சிவப்பாக இருப்பது கடும் வெயிலிலிருந்து தப்பிக்கத்தான் என்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சிவப்பு இல்லை. மெல்லிய பனிமூட்டத்திலும் தோல் கருகும், தொப்பி போடுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை கண்ணோடு காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் காற்றே இல்லாதபோது எதிர்மலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி பக்கத்தில் கேட்பது போல் தெளிவாக வந்தால், பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, அதன் மேல் சூடான காற்று நிற்கிறது. குளிர்காற்றில் ஒலி மெதுவாகப் போகும், ஆகவே மேலே கிளம்பும் ஒலி கீழ்நோக்கி வளைந்து நம்மிடமே வருகிறது. வானத்தில் மேகமில்லாத இரவில்தான் இப்படிக் குளிர் நன்றாகத் தேங்கும். அப்படியான நாளில் முகட்டு மேல் காலை அநேகமாகத் தெளிவாக இருக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் பள்ளத்துக் கிழங்குத் தோட்டங்களில் உறைபனி விழுவதும் இதே மாதிரி இரவுகளில்தான். ஒலி வரும் திசையிலிருந்தே காற்றும் வீசினால் இந்தக் கணக்கு செல்லாது.

வெளிச்சத்துக்கு வருவோம். ஹோட்டன் சமவெளியின் பாறை விளிம்பான உலக முடிவோ லிப்டன் சீட்டோ, ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும். கீழ்ச் சமவெளி சூடேறியதும் காற்று பாறைச்சரிவில் ஏறி, குளிர்ந்து, உங்கள் கண் முன்னாலேயே மேகமாகும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் தூசி அடங்கித் தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் வரை பளிச்சென்று தெரியும். சூரியன் முதுகில் இருக்க, எதிரே கீழே மூடுபனி இருந்தால், அதில் உங்கள் நிழலைத் தேடுங்கள். தலையைச் சுற்றி நிறவளையம் தெரியலாம். பக்கத்தில் நிற்பவருக்கு அது அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும், எனவே "என்னுடையதைப் பார்" என்று சண்டை போட வேண்டாம். வானவில்லுக்குச் சூரியன் 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு முன், மாலை மூன்றேகாலுக்குப் பின் தேடலாம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை எவ்வளவு வெளுத்திருந்தாலும் பகல் ஒரு மணிக்கு முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். பின்னேரம் இடி வரும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. ஆட்டோ வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே பேசி வையுங்கள். விடியலைப் பார்க்க நாலரைக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் ஸ்டாண்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.