பாட்டியிடமே கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் முதியோர் இல்லத்திலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிட்டு நீங்கள் பார்த்துக்கொள்ளும் முதியவர் பக்கத்தில் உட்காருங்கள். மகனிடம் "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்" என்று விசாரிப்பதற்கு முன்னால் அம்மாவிடமே கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், குளியல் காலையிலா சாயங்காலமா, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எது செய்தால் கோபம் வரும். பேச்சு குறைந்தவராக இருந்தால் இட்லியையும் கஞ்சியையும் கண்ணெதிரே காட்டுங்கள், கை எதன் பக்கம் போகிறதோ அதுதான் பதில்.

கேட்டதை ஒரே தாளில், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "குளிக்க ஒத்துழைப்பதில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "தலையில் தண்ணீர் ஊற்றினால் பயப்படுகிறார், காலில் ஆரம்பித்தால் சரி" என்று எழுதினால் நைட் ஷிஃப்ட்டுக்கு வருபவருக்கும் வழி தெரியும்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி நாற்பது வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர், மறதி நோய். தினமும் விடியற்காலை எழுந்து கதவைத் தட்டுவார், தூக்க மாத்திரை கேட்கலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. ஒரு நாள் பக்கத்தில் போய்க் கேட்டேன், "பிரட்டுக்கு நேரமாச்சு, கதவைத் திற" என்றார். பிரட்டு என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு ஒரு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ), அப்புறம் மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்து கிள்ளுகிற அதே வேகத்தில் ஓடும். கதவைத் தட்டுவது நின்றது, மாத்திரை தேவைப்படவில்லை. மறதி நோயாளியின் தவிப்புக்கு மூளைத் தேய்வு மட்டும் காரணமில்லை, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் காரணம் என்று இங்கிலாந்தின் உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-ல் எழுதியது இதைத்தான்.

மொழியையும் கவனியுங்கள். காலமெல்லாம் மலையாளம் பேசியவருக்கும் நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி நழுவி, தாய்மொழியான தமிழ் மட்டும் நிற்பதுண்டு. மலையாளி ஊழியர்களுக்கு "வலிக்குதா", "தண்ணி வேணுமா" என்று நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுங்கள்.

தாளை மாதம் ஒரு முறை அவரோடு உட்கார்ந்து திருத்துங்கள். பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் (படுத்த படுக்கையானவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ்) வரும்போது காட்டுங்கள். அவசரத்துக்குத் தேனிக்கோ கோட்டயத்துக்கோ கொண்டுபோனால் தாளும் கூடவே போகட்டும். கோட்டயம் என்றால் மலையாளத்தில் ஒரு பிரதி இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், ஆம்புலன்ஸ் வந்த பிறகு நேரம் இருக்காது.