மீன் தொட்டியில் கருந்தாடிப் பாசியா? தொட்டியைக் காலி செய்யாமலே ஒழிக்கலாம்

அனுபியாஸ் செடியின் இலை ஓரத்தில், பில்டர் குழாயின் வாயில், மரக்கட்டை மேல் என்று கறுப்பாகக் குட்டிக் குட்டி முடிக்கற்றைகள் முளைத்திருக்கின்றனவா? விரலால் தேய்த்தால் போகாது. நகத்தால் சுரண்டினால் இலைதான் கிழியும். அதுதான் கருந்தாடிப் பாசி. ஆங்கிலத்தில் பிளாக் பியர்ட் ஆல்கே; மீன் வளர்ப்பவர்கள் பிபிஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நன்னீர்த் தொட்டியில் வரும் பாசிகளிலேயே பிடிவாதமானது இதுதான் என்பேன்.

என் இரண்டடித் தொட்டியில் முதல் தடவை இது வந்தபோது, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கல், மணல், பில்டர் ஸ்பாஞ்ச் வரை குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். தொட்டி பளிச்சென்று ஆனது. நான்காம் நாள் காலையில் ஐந்து டெட்ரா மீன்கள் செத்துக் கிடந்தன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை மாற்றிக் கொடுக்கும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கும். அவற்றைக் குளோரின் கலந்த தண்ணீரில் நான் கழுவி விட்டிருந்தேன். இரண்டே மாதத்தில் பாசியும் திரும்பி வந்துவிட்டது. இதைப் படிக்கும் ஒருவராவது அந்தத் தவறைச் செய்யாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

படி 1: இது அந்தப் பாசிதானா என்று பாருங்கள்

ஒரு கற்றையைப் பிய்த்து, சிறு கிண்ணத்தில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு வையுங்கள். மறுநாள் சிவந்திருந்தால் சந்தேகமே இல்லை. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி இனம். ஸ்பிரிட்டில் பச்சையம் கரைந்து போனதும் உள்ளே இருக்கும் சிவப்பு நிறமி தெரியும். இந்தச் சிவப்பை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

புதுத் தொட்டியில் பழுப்பு நிறத்தில் மாவு போலப் படிந்தால் அது டயாட்டம் என்ற வேறு பாசி. சில வாரங்களில் தானாகவே போய்விடும். நீலப்பச்சையாக, வழவழவென்று, கெட்ட வாடையோடு தோல் மாதிரி உரிந்து வந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதற்கு வைத்தியம் வேறு.

படி 2: முதலில் அழுக்கு, அப்புறம்தான் மருந்து

எல்லாரும் நேராக மருந்துக்குப் போவார்கள். அழுக்கு அப்படியே இருந்தால் மருந்து அடித்த இடத்திலேயே பாசி மறுபடி வரும். மீந்த தீனி, மீன் கழிவு, அழுகிய இலை, அடைத்துப்போன ஸ்பாஞ்ச் இவைதான் இந்தப் பாசிக்குச் சோறு.

தாடி அடர்ந்த பழைய இலைகளைக் காம்போடு வெட்டி எறியுங்கள். தொட்டிக்குள்ளேயே வைத்துச் சுரண்டினால் துணுக்குகள் நாலாபக்கமும் பரவும். சைஃபன் குழாயால் கல்லுக்கு அடியில் இருப்பதை உறிஞ்சி எடுங்கள். வாரம் ஒருமுறை 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே நாலு முறை பிழிந்தால் போதும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான். வீட்டில் குழந்தைகள் ஆசையாகப் போடுவார்கள் என்றால் ஒரு நாளுக்கான அளவைச் சின்ன டப்பாவில் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலிலிருந்து செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் கவனிக்கவும். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் கொஞ்சம் என்று வாயு வந்தால் செடி திணறும், தாடி வளரும். சீராக விட முடியாது என்றால் விடாமலே இருப்பது மேல்.

படி 3: விளக்கு

ஒரு நாளைக்கு 6 மணி நேரம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் டைமர் ஸ்விட்ச் ஒன்றை மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் திரை போடுங்கள்.

படி 4: ஹைட்ரஜன் பெராக்சைடு

இதில் அவசரமே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். நமக்கு வேண்டியது 3 சதவீதம். அதனால் லேபிளைப் படித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். முடிக்குச் சாயம் போட விற்கும் பெராக்சைடு வேண்டாம், அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கும்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டருக்கு 3 சதவீதக் கரைசல் 0.4 மில்லி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் 56 லிட்டர் பிடிக்கும். கல், மரம் போக 50 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20 மில்லி. கையில் இருப்பது 6 சதவீதம் என்றால் 10 மில்லி எடுத்து, 10 மில்லி சுத்தமான தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவைத் தாண்டவே வேண்டாம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள். பில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கற்றையின் மேலேயே மெதுவாக விடுங்கள். சின்னக் குமிழ்கள் கிளம்பும். 10 நிமிடம் காத்திருந்து பில்டரை ஓட விடுங்கள். ஏர் பம்ப் முழு நேரமும் ஓடட்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

ஒரு நாளில் ஒரு மூலை மட்டும். மறுநாள் வேறு இடம். பெராக்சைடு கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால் தொட்டியில் மிச்சம் தங்காது. ஆனால் இறால் வளர்த்தால் அளவைப் பாதியாக்குங்கள். மாஸ் என்று விற்கும் அலங்காரச் செடிகளும் வாலிஸ்னேரியா செடியும் இதைத் தாங்காது, அவற்றின் பக்கம் விட வேண்டாம். கல்லையும் மரத்தையும் வெளியே எடுத்து, மேலே தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து அலசிப் போடுவது இன்னும் சுலபம்.

மூன்று நான்கு நாளில் பாசி இளஞ்சிவப்பாக மாறும். ஸ்பிரிட்டில் பார்த்த அதே சிவப்பு! அப்படியென்றால் செத்துவிட்டது.

படி 5: தின்னும் மீன்

செத்த பாசியை மற்ற மீன்களும் கொறிக்கும். உயிருள்ள தாடியை விரும்பித் தின்பது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். கடையில் வாங்கும்போது கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை ஓடுகிறதா, மற்ற துடுப்புகள் நிறமில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் 'ஆல்கே ஈட்டர்' என்று மஞ்சளாகத் தருவது வேறு மீன். அது வளர்ந்ததும் மற்ற மீன்களை விரட்டும். சக்கர் மீனையும் வாங்காதீர்கள். இந்தத் தாடியை அது தொடாது. ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். நம் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குப் பிடித்த மீனுக்காக ஓர் ஏரி கெடக் கூடாது.

வேகமாக வளரும் செடி ஒன்றையும் போடுங்கள். பள்ளி அறிவியல் சோதனையில் குமிழ் விடுமே, அந்த ஹைட்ரில்லாவே போதும். தண்ணீரில் உள்ள சத்தைப் பாசிக்கு முன்னால் அது எடுத்துக்கொள்ளும். எந்தப் புதுச் செடியையும் ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். என் தொட்டிக்குத் தாடி வந்ததே அப்படி வாங்கிய ஓர் அனுபியாஸில்தான்.

பழைய இலைகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஆறு வாரம் கழித்துப் புதிதாக விரிந்த இலைகளை மட்டும் பாருங்கள். அவற்றின் ஓரம் சுத்தமாக இருந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் மாற்றுவதை மட்டும் தொடருங்கள்.