உறவினர் வந்திருக்கும் நாட்களில் காரைப் பூட்டுவது யார் பொறுப்பு?

ஹூஸ்டன் புறநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் மாதங்களே ஆண்டின் மகிழ்ச்சியான காலம். வாசலில் நிற்கும் காரிலிருந்து பொருள் களவுபோகும் வாய்ப்பும் அப்போதுதான் கூடுகிறது என்பதைச் சென்ற ஆண்டு நேரில் அறிந்தேன். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பினோம். தூங்கிவிட்ட குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். மனைவி பிரசாதப் பையையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலியோடு இறங்கிய அம்மாவை அப்பா கைத்தாங்கலாக உள்ளே அழைத்துச் சென்றார். மறுநாள் காலையில், முன் இருக்கைக்கு அடியில் அப்பா வைத்திருந்த தோள்பையைக் காணவில்லை. இருவருடைய பாஸ்போர்ட்டும் இரண்டு மாதத்துக்கான மருந்துகளும் அதில் இருந்தன. கார்க் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர் பூட்டியிருப்பார் என்று நாங்கள் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டதால் கார் பூட்டப்படாமலே இருந்திருக்கிறது.

இவ்வகைத் திருட்டுக்குத் திறமை எதுவும் தேவையில்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஒருவரோ இருவரோ தெருவில் நடந்துகொண்டே ஒவ்வொரு காரின் கதவுப் பிடியையும் இழுத்துப் பார்க்கிறார்கள். திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். திறக்காவிட்டால், கண்ணாடியை உடைக்கும் சத்தத்துக்கு அஞ்சிப் பெரும்பாலும் அடுத்த காருக்குப் போய்விடுகிறார்கள். பூட்டியவுடன் பக்கக் கண்ணாடிகள் தாமாக மடங்கும் கார்களில், அவை விரிந்தே இருப்பது கார் பூட்டப்படவில்லை என்று தெருவுக்கே அறிவிப்பதாகிவிடும். இந்நாட்டில் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுச் செல்வோர் உண்டு என்பதால், திருடர்கள் அதையும் தேடி வருகிறார்கள். அமைதியான தெருவில் மக்கள் கதவைப் பூட்டாமல் விடுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே விருந்தினர் வந்த முதல் நாளே, இரவில் கார்களைப் பூட்டும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். 'எல்லோரும் கவனமாக இருங்கள்' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை என்பதே என் அனுபவம். ப்ளோரிடா மாநிலத்தின் பாஸ்கோ கவுண்டி ஷெரிப் அலுவலகம் பரப்பிய 'இரவு ஒன்பது மணி வழக்கம்' இதற்கு நல்ல முன்மாதிரி. ஒன்பது மணிக்குக் காரிலுள்ள பொருட்களை எடுத்துவிட்டு, காரைப் பூட்டி, கேரேஜ் கதவையும் வீட்டுக் கதவையும் சரிபார்த்து, வெளிவிளக்கைப் போடுவதுதான் அந்த வழக்கம். எங்கள் வீட்டில் இப்போது என் பன்னிரண்டு வயது மகள் கைப்பேசியில் ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருக்கிறாள். அதற்குப் பின் வெளியே போய்த் திரும்பினால், திரும்பியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறோம்.

ரிமோட்டை வீட்டுக்குள்ளிருந்து அழுத்துவதோடு நிறுத்தாமல், அருகில் சென்று கதவுப் பிடியை இழுத்துப் பார்ப்பது அவசியம். மினிவேனின் சறுக்குக் கதவு சரியாக மூடாமலோ, பின்கதவில் சீட் பெல்ட் சிக்கியோ இருந்தால், ரிமோட்டை அழுத்தினாலும் கார் முழுமையாகப் பூட்டிக்கொள்ளாமல் போகலாம். டல்லாஸிலிருந்து வாடகைக் காரில் வரும் தம்பியின் காரையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விலகி நடந்தாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் காருக்குப் பழகியவர், அவ்வசதி இல்லாத வாடகைக் காரையும் அதே நம்பிக்கையில் விட்டுவிட்டு வந்துவிடுவார். எவருடைய காரிலும் மாற்றுச் சாவி இருக்கக் கூடாது. இருந்தால் பொருளோடு காரும் போய்விடும்.

காரில் ஓர் இரவுகூட இருக்கக் கூடாதவற்றில் பாஸ்போர்ட்டையும் நகையையும் எல்லோரும் அறிவார்கள். பலர் மறப்பது கேரேஜ் ரிமோட்டை. வீட்டு முகவரியுள்ள காப்பீட்டுத் தாள் காரின் முன்பக்கச் சிற்றறையிலும், கேரேஜ் ரிமோட் முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பிலும் இருக்குமானால், திருடருக்கு வீட்டுச் சாவியையே கொடுத்ததாகிவிடும். ரிமோட் களவுபோய்விட்டால், பெரும்பாலான கேரேஜ் மோட்டார்களில் உள்ள 'லேர்ன்' பொத்தானை விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடித்து, பழைய ரிமோட்டுகளின் நினைவு அனைத்தையும் அழித்துவிட்டு, மீதமுள்ளவற்றைப் புதிதாக இணைத்துக்கொள்ளலாம். கேரேஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவையும் இரவில் பூட்டுங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களை மிகவும் அலைக்கழித்தது அந்த இழப்புதான். டெக்சஸ் கோடையில் இன்சுலினைக் காரில் விடவே கூடாது என்பது ஒருபுறமிருக்க, இந்திய மருத்துவரின் சீட்டைக் கொண்டு இங்குள்ள மருந்துக் கடையில் பொதுவாக மருந்து வாங்க முடியாது. இங்குள்ள மருத்துவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். அவருக்கு நம் ஊர் வணிகப் பெயர்கள் புரியாமல் போகலாம் என்பதால், கிளைகோமெட் என்பதை மெட்பார்மின் என்றும், டெல்மா என்பதை டெல்மிசார்டன் என்றும் மூலப்பெயரும் அளவும் குறித்த பட்டியல் ஒன்றைப் பெற்றோர் புறப்படும் முன்பே தயாரித்து உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளை ஒரே பையில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, வெளியே போகும்போது அன்றைய வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் செல்லலாம்.

இனி, திருட்டு நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை. திருடர் அப்போதும் தெருவில் இருந்தால் 911-ஐ அழையுங்கள். எக்காரணம் கொண்டும் வெளியே போய்த் தடுக்காதீர்கள், அவர் கையில் ஆயுதம் இருக்கலாம். காலையில்தான் தெரியவந்தது என்றால், உள்ளூர்ப் போலீஸின் அவசரமல்லாத எண்ணையோ இணையப் புகார்ப் படிவத்தையோ பயன்படுத்தலாம். அதற்கு முன் காரை எதையும் தொடாமல் படமெடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாக அழிந்துவிடக்கூடும் என்பதால் அன்றே கேளுங்கள். திருடர்கள் வேண்டாத பையைச் சில வீடுகள் தள்ளி வீசிவிட்டுப் போவதும் உண்டு. புதர் ஓரங்களையும் குப்பைத் தொட்டிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டுக்கும் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும்.

அடுத்த வேலை வங்கி அட்டைகளை முடக்குவது. அமெரிக்கக் கடனட்டை திருடப்பட்டுப் பயன்படுத்தப்பட்டால், சட்டப்படி உங்கள் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. டெபிட் அட்டைக்கோ, இழப்பு தெரிந்த 2 வேலை நாட்களுக்குள் சொன்னால்தான் அந்த 50 டாலர் வரம்பு. தாமதித்தால் அது 500 டாலர்வரை உயரலாம், மேலும் தாமதித்தால் அந்த வரம்பும் இல்லை. பெற்றோரின் இந்திய அட்டைகளை வங்கிச் செயலியிலேயே உடனே முடக்கிவிடலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் களவுபோனால், போலீஸ் புகாருடன் உங்கள் மாநிலத்துக்குரிய இந்தியத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். டெக்சஸுக்கு அது ஹூஸ்டனில் உள்ளது. விண்ணப்பங்களை வி.எஃப்.எஸ். குளோபல் நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. புதிய பாஸ்போர்ட் பெறலாம். திரும்பும் நாள் நெருங்கிவிட்டால், இந்தியாவுக்கு ஒருவழிப் பயணம் செய்ய மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் கேட்கலாம். பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு மீண்டும் பெற முடியாது. விசா தந்த தூதரகத்துக்கு, பெரும்பாலான தமிழ்நாட்டினருக்கு அது சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம், இழப்பைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பின் பழைய பாஸ்போர்ட் கிடைத்தாலும் அந்த விசா செல்லாது. என் அம்மா அன்று நடுங்கியதுபோல் உங்கள் பெற்றோரும் நடுங்க வேண்டியதில்லை: இங்கே தங்கும் உரிமையைத் தீர்மானிப்பது விசா அன்று, ஐ-94 என்னும் வருகைப் பதிவுதான். சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் கொடுத்து அதை அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த எண் வேண்டும் என்பதற்காகவே, பாஸ்போர்ட் பக்கங்களின் படம் முன்கூட்டியே உங்களிடம் இருக்க வேண்டும்.

கார்க் காப்பீடு காரில் இருந்த தனிப்பட்ட பொருட்களுக்குப் பொதுவாக இழப்பீடு தராது. வீட்டுக் காப்பீடோ வாடகைதாரர் காப்பீடோதான் அதற்கு உதவும். உங்கள் பங்காகக் கழிக்கப்படும் தொகை பெரிதாக இருந்தால் கைக்கு எதுவும் வராமல் போகலாம். பெற்றோருக்கு இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீட்டில் பாஸ்போர்ட் இழப்புக்கான பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பையைக் காரில் விட்டவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அப்பா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அதன் பிறகு அந்தப் பயணம் முடியும்வரை வெளியே வரவே தயங்கினார். பாஸ்போர்ட்டுக்காக அலைந்த நாட்களைவிட அதுவே எனக்குப் பெரிய வருத்தமாக நிற்கிறது.

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் கூடுதல் கவனம் தேவை. விடியற்காலையில் விமான நிலையம் போக வேண்டுமே என்று, 23 கிலோ பெட்டிகளை எடைபோட்டு இரவே டிக்கியில் ஏற்றிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பெட்டிகள் அன்றிரவு வாசல் கூடத்திலேயே இருக்கட்டும். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, பெட்டிகளை ஏற்றும்போது ஒருவர் காருக்கு அருகிலேயே நில்லுங்கள். பாஸ்போர்ட் பையை அம்மா தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக ஏறட்டும்.