பண்ணைப் பாலத்தில் பத்து நிமிசம்

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருவேன். ஒருநாள் பின்னேரம் அம்மா, "வழியில என்னடா கண்டனி?" எண்டு கேட்டா. ஒன்றும் நினைவில்லை. மூன்று வருசமாக அதே தெரு!

அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளை விட்டு மிதிசைக்கிளை எடுத்தேன். விடிய வெள்ளனப் புறப்பட்டு, வேலணைக்குக் கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தில் காலூன்றி 10 நிமிசம் நிற்பேன். முதல் நாட்களில் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கரையோரக் கடலில் ஆட்கள் நடந்துபோய் வலை பார்க்கிறார்கள். வலைத் தடிக்கொரு கொக்கு. மேகம் மூடினால் தண்ணீர் ஈயநிறம், வெயில் பட்டால் நுங்குபோல மினுக்கம். ஒல்லாந்தர் 1658இல் பிடித்த யாழ்ப்பாணக் கோட்டையின் சுவரை ஒருநாள் தொட்டுப் பார்த்தேன், பவளக்கல்!

சோளகக் காற்று எதிர்த்தடிக்கும் மாதங்களில் மிதிக்க ஏலாது. அப்போது பஸ்தான், யன்னல் சீற்.