படகு பைப் இணைப்பு: எங்கே தவறுகிறோம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் விசைப்படகுகளுக்குப் பழுதுபார்ப்பு வேலை நடக்கும் காலமும் அதுதான். எஞ்சின், பெயின்ட் எல்லாம் முடிந்து பைப் வேலையை கடைசியில் அவசர அவசரமாகச் செய்தால் தவறு நடக்கத்தான் செய்யும்.

அதில் மோசமானது, நேராகச் சேராத இரண்டு ஃபிளேஞ்சுகளை (பைப் முனையில் இருக்கும், போல்ட் ஓட்டை போட்ட வட்டத் தகடுகள்) போல்ட் போட்டு இழுத்துச் சேர்ப்பது. கரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாது, பார்க்கவும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பைப்பில் அந்த விறைப்பு அப்படியே நிற்கும். எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொண்டால் கேஸ்கெட் (ஒழுகாமல் இருக்க ஃபிளேஞ்சுகளுக்கு நடுவில் வைக்கும் தட்டை வளையம்) ஒரு பக்கம் விட்டுவிடும், இல்லையென்றால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். வெட்டித் திரும்பப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. புதுப் பைப் என்றால் ஃபிளேஞ்சைப் படகிலேயே வைத்துப் பார்த்து, டேக் (பிடித்து நிறுத்த மட்டும் வைக்கும் சின்ன வெல்டிங் பொட்டு) மட்டும் அடித்துக் கழற்றி, வெளியே முழு வெல்டிங் போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று இரண்டு கேஸ்கெட் வைப்பதெல்லாம் கண்துடைப்பு.

ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பில், வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். உப்புத்தண்ணீர் முதலில் அங்கேதான் அரிக்கும். வெளியே பெயின்ட் அடித்து என்ன பயன், தண்ணீர் ஓடுவது உள்ளே அல்லவா? பூச்சு இல்லாத கறுப்பு பைப்பில் வெல்டிங்கை முடித்துவிட்டு, அப்புறம் கால்வனைசிங்குக்கு (துத்தநாகம் பூச) அனுப்புவதே நல்லது. துத்தநாகம் எரியும் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும் என்பதும் வெல்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெண்கல வால்வில் இரும்பு பைப்பை நேராக மாட்டினால் கடல்நீரில் இரும்புதான் கரையும். நடுவில் ரப்பர் கேஸ்கெட் வைத்தால் மட்டும் போதாது. போல்ட் வழியாக உலோகத் தொடர்பு இருக்குமே. போல்ட்டுக்கும் மின்கடத்தாத உறையும் வாஷரும் வேண்டும்.

டீசல் லைனில் சாதாரண ரப்பர் கேஸ்கெட் ஊறி உப்பிவிடும், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாங்குங்கள். டெஃப்லான் டேப்பும் அங்கே வேண்டாம், பிய்ந்த துணுக்கு எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய் அடைக்கும்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஹோஸ் மாட்டினால் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு என்று விற்பதும் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் தண்ணீர் ஏற்றிச் சோதியுங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்க வேண்டாம். இணைப்பு விட்டால் ஆளையே அடித்துவிடும்.