நட்டில் காடி வெட்டுமுன்: மாண்டலின் தந்தி இடைவெளியில் நடக்கும் தவறுகள்

மாண்டலின் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ். அவர் கையில் இருந்தது ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலின். கடையில் நாம் வாங்கும் சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு ஜோடிகள். தடித்த பக்கத்திலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று மேற்கத்திய வயலினுக்கு வைக்கும் அதே சுருதிதான். ஒரு ஜோடியின் இரண்டு தந்திகளையும் ஒரே விரல் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், மீட்டும் சில்லான பிளெக்ட்ரமும் இரண்டையும் ஒரே வீச்சில் தொட வேண்டும். ஆனாலும் அந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசக் கூடாது. இடைவெளி பற்றிய வம்பெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இடைவெளியைத் தீர்மானிப்பவை இரண்டு இடங்கள். ஒன்று நட், அதாவது ட்யூனிங் கீகளுக்குக் கீழே கழுத்தின் தொடக்கத்தில் இருக்கும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை. அதில் வெட்டிய காடிகளில், அதாவது சிறு பள்ளங்களில், தந்திகள் உட்காரும். இன்னொன்று பிரிட்ஜ், வீணையில் குதிரை என்கிறோமே, அது. பெரும்பாலான தவறுகள் நட்டில்தான் நடக்கின்றன.

நான் பாழாக்கிய முதல் எலும்பு நட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேலை வைத்து, நான்கு ஜோடிகளின் நடுக்கோடுகளையும் சம தூரத்தில் குறித்தேன். ஜோடிக்குள் இரண்டு தந்திகளின் மையங்களுக்கு இடையே எல்லா இடத்திலும் 2.2 மி.மீ. வைத்தேன். காகிதத்தில் கோவில் கோபுரம் மாதிரி ஒழுங்காக இருந்தது. தந்தி பூட்டியதும் ஜி ஜோடி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது, ஈ ஜோடி பல் போன வாய் மாதிரி இளித்தது.

காரணம், தந்திகளின் தடிமன். பரவலாகக் கிடைக்கும் மீடியம் செட்டில் ஜி தந்தி 0.040 அங்குலம், டி 0.026, ஏ 0.015, ஈ 0.011. மில்லிமீட்டரில் முறையே 1.02, 0.66, 0.38, 0.28. ஜி தந்தி ஈ தந்தியைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் தடிப்பு. மையத்துக்கு மையம் 2.2 மி.மீ. என்றால் ஜி ஜோடிக்குள் மிஞ்சும் காலி இடம் 1.18 மட்டுமே, ஈ ஜோடிக்குள்ளோ 1.92. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவிலும் இதே கதைதான்: ஜிக்கும் டிக்கும் இடையே இருக்கும் சந்து, ஏவுக்கும் ஈக்கும் இடையே இருப்பதைவிட அரை மில்லிமீட்டர் குறைகிறது. அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். விரல் நுனிக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆகவே அளக்க வேண்டியது தந்தியின் மையத்தை அல்ல, ஒரு தந்தியின் விளிம்பிலிருந்து அடுத்ததன் விளிம்பு வரை உள்ள வெற்றிடத்தை. கணக்கு எளிது. நட்டின் அகலம் 28.6 மி.மீ. என்று வையுங்கள். இது 1⅛ அங்குலம், நம் ஆசாரிகள் கணக்கில் ஒன்பது நூல். இரண்டு ஓரத்திலும் 1.75 விட்டால் மிச்சம் 25.1. எட்டுத் தந்திகளின் தடிமனையும் கூட்டினால் 4.7, அதைக் கழித்தால் 20.4. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் 1.5 வீதம் நான்குக்கு 6 கழித்தால் 14.4. ஜோடிகளுக்கு நடுவே மூன்று சந்துகள், ஆளுக்கு 4.8. அவ்வளவுதான். உங்கள் நட்டின் அகலமும் தந்தி செட்டும் வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதுவே.

இந்த 1.5 வேதவாக்கு இல்லை. தடித்த தந்தி அதிர்வதில் அகலமாக வீசும் என்பதால் ஜி ஜோடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் ஈ ஜோடிக்குக் கொஞ்சம் குறைவாகவும் வைப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஜோடியை ஒரேயடியாக நெருக்கினால் வேகமாக வாசிக்கும்போது தந்திகள் மோதிச் சலசலக்கும். அகட்டினால் விரல் ஒன்றை அழுத்தி மற்றொன்றை அரைகுறையாகத் தொடும். அதிலிருந்து ஒரு செத்த ஒலி வரும். தொடர்ந்து மேலும் கீழும் மீட்டும் ட்ரெமலோவும் ஒட்டாமல் இரண்டு துண்டாகக் கேட்கும்.

ஓரத்தில் விடும் இடத்தில் கஞ்சத்தனம் செய்வது அடுத்த தவறு. உள்ளே தாராளமாக இருக்கட்டும் என்று ஈ தந்தியை விளிம்புக்குத் தள்ளிவிடுவோம். விரல் அழுத்தும் பலகையில் (ஃப்ரெட்போர்டு) குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் சரிவாக ராவப்பட்டிருக்கும் என்பது அப்போது மறந்துபோகும். ஃப்ரெட்போர்டின் விளிம்பு வரை வாசிக்க முடியாது, சரிவு தொடங்கும் இடத்தோடு எல்லை முடிந்தது. தந்தியை இழுத்து கமகம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஒரு சிறு அசைவுக்கே ஈ தந்தி ஃப்ரெட்டை விட்டு வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

அதற்காக நட்டைக் கழற்றுமுன் பிரிட்ஜைப் பாருங்கள். மாண்டலினின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எங்கோ இடித்து இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் எல்லாத் தந்தியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும், பழி நட்டின் மேல் விழும். கடைசி ஃப்ரெட்டுக்கு மேலே ஓரத் தந்திகள் இரண்டும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் தந்தியைச் சற்றுத் தளர்த்தி பிரிட்ஜைப் பக்கவாட்டில் நகர்த்தினாலே போதும். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும், காசும் மிச்சம்.

எட்டுத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுவதை ஏன் எல்லோரும் செய்கிறோம் என்று எனக்குப் புரிந்ததில்லை. பிரிட்ஜ் பொத்தென்று விழும், அது நின்ற இடமும் தெரியாமல் போகும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் அதன் இரு கால்களைச் சுற்றியும் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக ஒலிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறுபட்டால் பிரிட்ஜ் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கிறது.

நட்டின் அளவையே பிரிட்ஜுக்கும் எடுப்பவர்களும் உண்டு. தந்திகள் பிரிட்ஜை நோக்கி விசிறி போல் விரிய வேண்டும். அங்கே ஓரத் தந்திகளுக்கு இடையே உள்ள தூரம் 40 மி.மீ.-ஐ ஒட்டியும், ஜோடிக்குள் மையத்துக்கு மையம் 3 மி.மீ.-ஐ ஒட்டியும் இருக்கும்.

இனி வெட்டும் வேலை. வீட்டில் கிடக்கும் ஹாக்சா பிளேடை எடுத்து எட்டுக் காடிகளையும் இழுத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த பிளேடு போடும் கோடு ஜி தந்திக்கு ஏறக்குறையப் பொருந்தலாம், 0.28 மி.மீ. ஈ தந்திக்கு அது தெரு அகலம். தந்தி அதற்குள் ஊசலாடி இரையும், இடைவெளியும் ஒவ்வொரு முறை சுருதி சேர்க்கும்போதும் மாறும். காடி ஒடுக்கமாக இருந்தாலும் தொல்லைதான்: கீயைத் திருகும்போது தந்தி சிக்கிக்கொண்டு, பிறகு 'டிங்' என்று துள்ளி சுருதி தாவும். தந்திக்குத் தக்க அளவில் தனித்தனி நட் அரங்கள் கிடைக்கின்றன, விலை அதிகம். இரண்டு மூன்று அளவில் வாங்கி, ஓரங்களை மெல்ல ஒதுக்கி ஒப்பேற்றலாம்.

காடியின் அடி, கீ இருக்கும் பக்கம் சற்றுச் சரிய வேண்டும். அப்போதுதான் தந்தி ஃப்ரெட்போர்டை ஒட்டிய முன் விளிம்பில் இறுக அமரும். சரிவு எதிர்த்திசையில் போனாலோ, அடி மேடு பள்ளமாக இருந்தாலோ, தம்புராவில் நூல் வைத்து வரவழைக்கும் ஜீவா போல ஒரு ரீங்காரம் வரும். தம்புராவுக்கு அது அழகு. மாண்டலினில் வந்தால் ரிப்பேர். ஆழமும் அப்படித்தான். தடித்த தந்தி பாதி உருவம் வெளியே தெரிய உட்கார்ந்தால் போதும், புதைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, குறித்த உடனே முழு ஆழத்துக்கு வெட்டிவிடுவது. முதலில் பென்சில் கோடு. பிறகு தந்தி நழுவாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஒரு கீறல். முழுச் சுருதி ஏற்றினால் எட்டுத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுக்கும், அதெல்லாம் இப்போது வேண்டாம். லேசாக விறைக்கும் அளவுக்குப் பூட்டி, விரலை வைத்துப் பாருங்கள். ஜோடிக்கு ஜோடி தாவிப் பாருங்கள், திறந்த தந்தியை ஒலிக்கவிட்டுப் பக்கத்து ஜோடியை அழுத்துங்கள். கணக்கு சரியென்று சொன்ன இடத்தில் விரல் இடிக்கிறது என்றால் விரல் சொல்வதைக் கேளுங்கள். கீறலாக இருக்கும்வரை அரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அரை மில்லிமீட்டர் வரை நகர்த்தலாம், ஆழமாகிவிட்டால் அது முடியாது.

ஆழமாக வெட்டித் தொலைத்தவர்களுக்கும் வழி உண்டு. எலும்பு நட் என்றால் அதே எலும்பை ராவிய தூளைக் காடியில் நிரப்பி, நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகும். சமையல் சோடாவும் இதே வேலையைச் செய்யும். ஒட்டும்போது சுற்றிலும் டேப் ஒட்டி வையுங்கள், வார்னிஷில் பட்டால் தடம் போகாது. கண்ணருகே குனிந்து பார்க்கவும் வேண்டாம், ஆவி எரியும்.

கடைசியாக ஒன்று. மீடியம் செட்டுக்கு வெட்டிய நட்டில் லைட் செட்டை மாட்டினால் காடிகள் தொளதொளக்கும், தடித்த செட்டை மாட்டினால் சிக்கும். எந்தத் தந்தியோடு வாழப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அரத்தைத் தொடுங்கள். நான் பாழாக்கிய அந்த முதல் நட் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. புது அரம் வாங்கினால் அதில்தான் முதலில் இழுத்துப் பார்ப்பேன்.