பவர் சீட் அசையவில்லையா? கூரை விளக்கைக் கவனியுங்கள்

1980களின் மெர்சிடிஸ் டபிள்யூ126 போன்ற பழைய சொகுசுக் கார்களில் பவர் சீட் அசையாவிட்டால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், இன்ஜினை ஓட்டாமல் சாவியை ஆன் நிலையில் வைத்து, கதவைத் திறந்து, சீட் சுவிட்சை அழுத்தியபடி கூரை விளக்கைக் கவனியுங்கள். சிக்கி நிற்கும் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால் பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்து, விளக்கு சற்று மங்கும். மங்கவே இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றில்தான் இருக்கும். இந்தக் காரின் அலுமினிய ஃபியூஸ்களில் ஆக்சைடு படிவது வழக்கம் என்பதால், பேட்டரி இணைப்பை நீக்கிவிட்டு அவற்றை இருந்த இடத்திலேயே சுழற்றினாலே பல நேரங்களில் தொடர்பு திரும்பிவிடும். கூரையில் எல்இடி பல்பு பொருத்தியிருந்தால் மங்கல் தெரியாமல் போகலாம். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் இருக்கை நகராவிட்டால், தேய்ந்த டிரைவ் கேபிளையோ கியரையோதான் பார்க்க வேண்டும்.